சாலையை எங்கே மூடுவது

ஒரு சாலையை மூடுவதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். இரண்டு இரும்புத் தடுப்பு, ஒரு கயிறு, பக்கத்தில் நிற்க ஒரு ஆள். போக்குவரத்துக் காவலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் அதை முதல் வாரத்திலேயே செய்திருப்பீர்கள். நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த வேலையைப் பற்றி. மூடிய சாலையில் போக வேண்டியிருந்தவர்கள் அன்று லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்காருவதில்லை. ஏதாவது ஒரு தெருவுக்குள் நுழைந்து எப்படியாவது அந்தப் பக்கம் போய்விடப் பார்ப்பார்கள். அந்தத் தெருவில் யார் வாசல் இருக்கிறது என்று நீங்கள் முன்னாலேயே யோசிக்கவில்லை என்றால், அந்த வாசல்காரர் உங்களை யோசிக்க வைப்பார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மழைக்காலத்தில் நடந்தது இது. கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகும் சாலை அப்போது என் பொறுப்பில் இருந்தது. அந்தச் சாலையைத் தெரியாதவர்கள் உங்களில் இருந்தால், காலை எட்டரை மணிக்கு ஒருமுறை போய் நின்று பாருங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் கம்பெனிகளுக்குப் போகிற பாதி ஜனம் அதில்தான் போகும். இரண்டு நாள் மழை விடாமல் பெய்ததில் அந்தச் சாலையின் நடுவே ஒரு சிறுபாலம் உள்வாங்கிவிட்டது. மூடித்தான் ஆக வேண்டும். சரிசெய்ய சில வாரங்கள் ஆகும் என்றார்கள்.

மாற்றுப் பாதை அகரம்தென் வழியாக என்று முடிவானது. நல்ல வழிதான், ஆனால் சுற்று. ஒரு மாற்றுப் பாதையைப் பேப்பரில் பார்த்து நான் நம்புவதே கிடையாது. சீருடையைக் கழற்றிவிட்டு, சுடிதார் போட்டுக்கொண்டு, என் ஸ்கூட்டரில் ஆபீஸ் நேரத்தில் கிளம்பினேன். அகரம்தென் பாதை பிரிகிற கேம்ப் ரோடு சந்திப்பில் பலகை வைத்திருந்தார்கள்: 'முன்னால் சாலை மூடப்பட்டுள்ளது'. ஒருவரும் அதை மதிக்கவில்லை. முன்னால் என்றால் எவ்வளவு முன்னால்? போய்த்தான் பார்ப்போமே என்று எல்லோரும் நேராகவே போனார்கள். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் தடுப்பைப் பார்த்ததும் பிரேக் போட்டார்கள், போனை எடுத்தார்கள். போன் எல்லோருக்கும் ஒரே வழியைக் காட்டியது. வலது பக்கம் திரும்பி ஒரு குடியிருப்பு நகருக்குள் நுழை, பின்பக்கம் ஏரிக்கரை வழியாகப் போய், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏறு.

அந்த நகரின் பெயரைச் சொல்லவில்லை. அங்கே இருப்பவர்கள் இன்றும் என்னைப் பார்த்தால் காபி குடிக்கக் கூப்பிடுகிறார்கள். மூன்று தெருக்கள், ஒன்றுக்கொன்று இணையாக. முதல் தெருவில் தனி வீடுகள். இரண்டாம் தெருவில் அடுக்குமாடிகள். மூன்றாம் தெரு குறுகல். கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்கள் வாடகைக்கு இருக்கும் சின்னச் சின்ன வீடுகள்.

திரும்பி வந்து கூட்டத்தில் சொன்னேன். "பாலத்துக்கிட்ட தடுக்கிறது பிரயோஜனம் இல்ல சார். கேம்ப் ரோட்லயே தடுக்கணும். அங்க தடுத்தா அகரம்தென் போவான். இங்க வந்துட்டான்னா திரும்பிப் போக மாட்டான், தெருவுக்குள்ளதான் பூந்துடுவான்."

"கேம்ப் ரோட்ல தடுத்தா தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் நிக்கும்மா. மேல இருந்து எனக்குதான் போன் வரும்" என்றார் எங்கள் உதவி ஆணையர். கெட்ட மனிதர் அல்ல. அவருக்கு அவருடைய கவலை. முடிவு அவருடையது, நான் ஏற்றுக்கொண்டேன்.

அடுத்த சில நாட்களில் அந்த முதல் தெரு என்ன ஆனது என்று நான் தினமும் பார்த்தேன். வீட்டிலிருந்து காரை வெளியே எடுக்க முடியாது. கேட்டைத் திறந்தால் முன்னால் பைக் நிற்கும். ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை அம்மாக்கள் கேட்டுக்கு உள்ளேயே நிறுத்திப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். எதிரெதிரே வந்த இரண்டு கார்கள் நீ பின்னால் போ, நான் பின்னால் போக மாட்டேன் என்று நிற்க, மொத்தத் தெருவும் ஹாரனில் அதிரும்.

அந்தத் தெருவில் ஏகாம்பரம் என்று ஒருவர். அந்த இடம் முழுவதும் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து நிலம். மனை போட்டு விற்றதும் அவர்கள்தான். இப்போது மெயின் ரோட்டில் சிமெண்ட், கம்பி, மணல் வியாபாரம். அவர் வாய் திறந்தால் தெரு கேட்கும்.

"மேடம், இந்தத் தெருவு அளவு போட்டதே எங்கப்பாதான். ரெண்டு மாட்டுவண்டி ஒதுங்குனா போதும்னு வுட்டாரு. இதுல மேடவாக்கத்துக்குப் போற மொத்த ஜனத்தையும் வுட்டுக்கினு கீறீங்களே, இன்னா நியாயம் இது?"

"நியாயம் இல்லதான் சார். பேசிக்கிட்டு இருக்கேன்" என்றேன். அப்போதைக்கு என்னிடம் இருந்த பதில் அதுதான்.

ஒரு வியாழக்கிழமை காலை நான் பாலத்துத் தடுப்பில் நின்றிருந்தேன். எங்கள் காவலர் செல்வம் முதல் தெரு முனையில் டியூட்டி. போன் வந்தது.

"மேடம், ஆக்ஸிடெண்ட். மீன்காரம்மாவ பைக் அடிச்சிருச்சு. ஜனம் அந்தப் பையன அடிக்கப் போவுது. ஏகாம்பரம் சார் ஒரு டிப்பர் மணல தெரு வாசல்லயே கொட்டிட்டாரு. எதுவும் உள்ள வர முடியாது, வெளிய போக முடியாது. சீக்கிரம் வாங்க மேடம்."

ஜீப்பை எடுத்தால் ஜீப்பும் அந்த நெரிசலில் ஒரு வண்டியாக நிற்கும். நடந்தேன். நடந்தேன் என்ன, ஓடினேன்.

மீன்காரம்மாவின் பெயர் கஸ்தூரி. கோவளம் பக்கத்துக் கடலோரக் கிராமம். காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, தலையில் அலுமினியக் கூடையோடு இந்த மூன்று தெருக்களிலும் விற்பார். ஒரு வீட்டுக்குத் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்த லாரியை அவர் ஓரமாகச் சுற்றி வந்திருக்கிறார். ஆபீசுக்கு நேரமாகிவிட்ட ஒரு இளைஞன், பெயர் பிரவீன், லாரியைத் தாண்டப் பைக்கை வலது பக்கம் ஒடித்திருக்கிறான்.

நான் போனபோது கஸ்தூரி லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. சுற்றிலும் சங்கராவும் கானாங்கத்தையும் சிதறிக் கிடந்தன. அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது, ஆனால் குரல் மட்டும் குறையவில்லை.

"மீன மிதிச்சினு நிக்கிறீங்களே, கண்ணு தெர்லயா? நவுருங்கய்யா!"

பத்தடி தள்ளி, பிரவீனின் சட்டைக் காலரை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். ஒரு அடி ஏற்கெனவே விழுந்திருந்தது, உதட்டில் ரத்தம். தெரு வாசலில் மணல் மேட்டுக்குப் பக்கத்தில் ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இனிமே ஒரு வண்டி உள்ள வரட்டும் மேடம், பாத்துக்கறேன். எத்தினி தபா சொன்னேன்? யாருன்னா வுழுந்தாத்தான் வருவீங்களா?"

அந்த நேரத்தில் என் கையில் இருந்த போன் அடித்தது. உதவி ஆணையர்.

"என்னம்மா நடக்குது அங்க? மணல் கொட்டுனவன முதல்ல வண்டியில ஏத்து. ஜே.சி.பி. வரவச்சு மணல எடு. மெயின் ரோடு மொத்தமும் நிக்குது."

அப்போதுதான் மெயின் ரோட்டிலிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, அதற்கு மேல் வர முடியாமல் கத்திக்கொண்டே இருந்தது. ஏகாம்பரம் அந்தச் சத்தத்தைக் கேட்டார். மணலைப் பார்த்தார். கஸ்தூரியைப் பார்த்தார். மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துக் கீழே விட்டார். நான் அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இப்படி ஒரு நிமிஷம் உங்கள் ஒவ்வொருவருக்கும் வரும். மேலதிகாரி ஒன்று கேட்பார், கூட்டம் ஒன்று கேட்கும், தரையில் கிடப்பவருக்கு வேறொன்று தேவைப்படும். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லப் போனால் எதற்கும் சொன்னதாகாது. யாருக்கு நேரமே இல்லையோ அவருக்கு முதலில் செய்யுங்கள். மீதிப் பேர் காத்திருப்பார்கள். கத்திக்கொண்டே காத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

"சார், அடிபட்டவங்களை அனுப்பிட்டுப் பேசறேன் சார்" என்று சொல்லி போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

ஆம்புலன்சில் வந்த மருத்துவ உதவியாளர், ஒரு மெலிந்த பெண், ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு மணல் மேல் ஏறி இந்தப் பக்கம் இறங்கியிருந்தார். காலுக்கு இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டினார். "மணல்ல சறுக்கும் மேடம். நாலு ஸ்ட்ராங்கான ஆள் வேணும்" என்றார்.

நான் காலரைப் பிடித்திருந்தவர்களிடம் போனேன். "விடுங்க."

"எப்படி மேடம் வுடறது? ஓடிடுவான்."

"ஓட மாட்டான். எனக்குத் தூக்க ஆள் வேணும். விடுங்க." பிரவீனைப் பார்த்தேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். "தம்பி, அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. அந்தத் தலைப்பக்கக் கைப்பிடியைப் பிடி. ஏகாம்பரம் சார், நீங்க இந்தப் பக்கம். செல்வம், கால்பக்கம் வா." நான்காவது கைப்பிடியை நான் பிடித்தேன்.

பையனைக் கூட்டத்திடமிருந்து பிரிக்க எனக்கு லத்தி தேவைப்படவில்லை. வேலை செய்துகொண்டிருக்கிறவனை யாரும் அடிப்பதில்லை. இதை மறக்காதீர்கள், பல இடங்களில் கைகொடுக்கும்.

மணல் மேட்டில் ஏறினோம். ஒவ்வோர் அடிக்கும் கணுக்கால் வரை புதைந்தது. உச்சியில் பிரவீனின் கால் சறுக்கியது. ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கம் சாய, கஸ்தூரி சட்டென்று அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், பாத்துத் தூக்குடா. இன்னொரு காலு நல்லா கீது, அதையும் ஒட்ச்சிடாத."

அவ்வளவு வலியிலும் அந்தப் பேச்சு. செல்வம் சிரித்துவிட்டான். ஏகாம்பரத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "மன்ச்சிக்கோம்மா, மன்ச்சிக்கோம்மா" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். பிரவீனையும், பாலத்திலிருந்து என் பின்னால் ஓடி வந்திருந்த ஒரு காவலரையும் அதே ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பினேன். அவன் மேல் வழக்கு உண்டு, அது அதன் வழியில் நடந்தது. ஆனால் அந்தத் தெருவில் அவனை இன்னும் ஐந்து நிமிடம் நிற்க வைத்திருந்தால் வேறொரு வழக்கு வந்திருக்கும்.

பிறகு மேலதிகாரியைக் கூப்பிட்டேன்.

"மணல எடுத்தாச்சா?"

"இல்ல சார். எடுக்கப் போறதில்ல சார்."

"என்னம்மா சொல்ற?"

"சார், மணல எடுத்தா பத்து நிமிஷத்துல இந்தத் தெரு பழையபடி ஆயிடும். நாளைக்கு ஒரு ஸ்கூல் புள்ளை விழும். இப்ப தெரு மூடிக்கிடக்குது, அது ஒருவகையில நல்லதுதான். நான் கேம்ப் ரோட்டுக்குப் போறேன். அங்க தடுக்கறேன். மதியம் வரைக்கும் எனக்கு விடுங்க சார். ஒத்து வரலன்னா நானே மண்வெட்டி எடுத்துட்டு வந்து மணல வாரறேன்."

"தாம்பரம் நிக்கும்மா."

"இன்னிக்கு நிக்கும் சார். நாளைக்குக் கம்மியா நிக்கும்."

அவர் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனை வைத்தார். இந்த வேலையில் அது போதுமான அனுமதி.

புறப்படும் முன் ஏகாம்பரத்திடம் ஒன்று சொன்னேன். "நீங்க கோவப்பட்டது சரி. மணல் கொட்டினது தப்பு. அதுக்குக் கேஸ் போடுவேன், மனசுல வச்சுக்காதீங்க. இப்ப உங்க ஆளுங்கள விட்டு நடுவுல ஒரு கார் மெதுவா போற அளவுக்கு வெட்டி வழி விடுங்க. ஆம்புலன்ஸ் வரணும், உங்க தெருக்காரங்க போகணும்." தலையாட்டினார். அவரே மண்வெட்டியை எடுத்தார்.

கேம்ப் ரோட்டில் அன்று காலை நான் வாங்கிய வசவு என் மொத்த சர்வீசுக்கும் போதும். எந்த வண்டியையும் நேராக விடவில்லை. அந்தப் பக்கம் வீடு இருக்கிறவர்களுக்கு மட்டும் வழி. மற்றவர்கள் அகரம்தென். ஒரு கார்க்காரர் இறங்கி வந்து, தனக்கு யார் யாரைத் தெரியும் என்று பட்டியல் சொன்னார். "எல்லாரையும் எனக்கும் தெரியும் சார். அவங்களும் அகரம்தென் வழியாத்தான் போகணும்" என்றேன். வரிசை சேலையூர் தாண்டி நீண்டுகொண்டே போனது. ஹாரன் சத்தத்தில் என் விசில் எனக்கே கேட்கவில்லை. உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துத்தான் என் காவலர்கள் நின்றார்கள், அதனால் முகத்தை மாற்றவே இல்லை. நடுவில் தடுப்பைக் கொஞ்சம் தளர்த்தலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. ஒரு வண்டிக்கு விட்டால் பின்னால் வரும் நூறு வண்டிக்கும் அது தெரிந்துவிடும். மூடுவதென்றால் மூடு, பாதி மூடிய சாலைதான் இருப்பதிலேயே ஆபத்தானது.

மதியத்துக்கு முன்பே வரிசை கரைய ஆரம்பித்தது. மறுநாள் பாதிக் கூட்டம் எங்களைக் கேட்காமலேயே அகரம்தென் பக்கம் திரும்பியது. அதில் உஷாவுக்கும் பங்கு உண்டு. இரண்டாம் தெரு அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர், ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை. அன்று மாலை என்னைத் தேடி வந்தார்.

"மேடம், முதல் தெருவுல மணல் விழுந்ததும் நாங்க பயந்துட்டோம், எல்லாம் எங்க பக்கம் வந்துடும்னு. நானே என் காரை எங்க தெருவுல குறுக்க நிறுத்திட்டேன். ஸாரி. ஆனா மேப்ல இந்தத் தெரு ஓபன்னுதானே காட்டுது? நாங்க எல்லாரும் சேர்ந்து க்ளோஸ்டுன்னு ரிப்போர்ட் பண்ணா காட்டாதுல்ல?"

"பண்ணுங்கம்மா, இப்பவே பண்ணுங்க" என்றேன். அடுத்த நாள் போன்கள் அந்தத் தெருவைக் காட்டுவதை நிறுத்தின. எத்தனை பலகை வைத்தும் எங்களால் முடியாதது அது.

தெரு முனையில் செல்வத்தோடு தெருக்காரர்களும் முறை வைத்து நின்றார்கள். வருகிற வண்டி யாருடையது என்று அவர்களுக்கு முகம் பார்த்தே தெரியும். அதில் ஒரு சிக்கல் வந்தது. வேலை முடிந்து முதல் தெரு வழியாக மொபெட்டில் வந்த, மூன்றாம் தெருவில் குடியிருக்கும் ஒரு கொத்தனாரை ஏகாம்பரம் மறித்துவிட்டார்.

"இவரு நம்ம ஏரியா இல்ல மேடம்."

"மூணாவது தெருவுல இருக்கேன்யா, ரெண்டு வருஷமா" என்றார் அவர்.

"வாடகைக்குத்தானே?"

நான் ஏகாம்பரத்தைத் தனியாக அழைத்தேன். "சார், வண்டியை நிறுத்துறது போலீஸ் வேலை. நீங்க தெரிஞ்ச முகத்தைச் சொல்லுங்க, தெரியாத முகத்தை நாங்க கேட்டுக்கறோம். வாடகைக்கு இருக்கறவனும் வூட்டுக்குத்தான் போறான். இதுக்கு ஒத்துக்கிட்டா நில்லுங்க, இல்லன்னா உள்ள போய் டிவி பாருங்க." கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு போய் அந்தக் கொத்தனாரிடம், "போப்பா, தெர்ல" என்றார். ஒரு தெருவைக் காப்பாற்றுகிறோம் என்று சிலர் கையில் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு நீங்கள் நகர்ந்தால், அடுத்த சண்டைக்கும் நீங்கள்தான் வர வேண்டும்.

கஸ்தூரிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். முதல் முறை போனபோது பிரவீனின் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். இருவரும் ஏதோ சீரியலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பொங்கல் கழிந்து வெகுநாள் சென்றே கஸ்தூரி வியாபாரத்துக்குத் திரும்பினார். கூடையைத் தலையில் சுமந்து நடக்க இனி ஆகாது. முதல் தெரு முனையில், ஏகாம்பரம் வீட்டு மதில் ஓரத்தில் பலகை போட்டு உட்கார்ந்துவிட்டார். "முன்னெல்லாம் நான் இவங்க வூட்டுக்குப் போவேன், இப்ப இவங்க என்னாண்ட வராங்க" என்று என்னிடம் சொன்னார். காலைப் பற்றிக் கேட்டபோது மட்டும் பேச்சை மாற்றினார்.

சிறுபாலம் திறந்த நாளைப் பற்றிச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். மழை விட்டு, வேலை முடிந்து, ஒரு திங்கட்கிழமை காலை சாலையைத் திறந்தார்கள். பெரியவர்கள் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள். உதவி ஆணையரும் அங்கே இருந்தார். என்னை ஏன் காணோம் என்று கேட்டிருக்கிறார். நான் முதல் தெரு முனையில் செல்வத்தோடு நின்றுகொண்டிருந்தேன். தடுப்பை எடுக்கச் சொல்லவில்லை. இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் என்று சொல்லியிருந்தேன். செல்வத்துக்கே அது புரியவில்லை.

சாலை திறந்து கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளைக் கார், மெயின் ரோடு காலியாகக் கிடக்க, இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பியது. தடுப்பைப் பார்த்து நின்றது. ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கினார்.

"அதான் ரோடு தொறந்துட்டாங்களே மேடம். இன்னும் எதுக்கு இங்க நிக்கறீங்க?"

"உங்களுக்காகத்தான் சார்" என்றேன். "ரோடு தொறந்தது தெரிஞ்சும் பழைய பழக்கத்துல இங்க வரீங்க பாருங்க."

அவர் மெயின் ரோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ரிவர்ஸ் எடுத்தார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று வண்டிகள் அதே தெருவுக்குள் திரும்பக் காத்திருந்தன.